ஓயாம பாடிக்கினே இருக்கிற ரெண்டே முக்கால் வயசுப் பொண்ணு, ராத்திரி டூட்டி பார்க்குற அம்மா

1. கொசப்பேட்டை_நர்ஸ் (இழையைத் தொடங்கியவர்), மே 20

என் பொண்ணுக்கு ரெண்டே முக்கால் வயசு. கண்ணு முழிச்ச நிமிஷத்துல இருந்து தூங்குற வரைக்கும் பாடிக்கினே இருக்கா. பாட்டு நின்னா பேச்சு. வாயில பேஸ்ட் நுரையோட பாடுறா. சோத்து உருண்டைய கன்னத்துல ஒதுக்கி வச்சிக்கினு பாடுறா. தெருவுல காதுல விழுற எதையும் விடமாட்டா. கீரைக்காரம்மா கூவுறது, பழைய இரும்பு வண்டி ஸ்பீக்கர், அம்மன் கோயில் மைக் செட்டு, ஷேர் ஆட்டோக்காரர் "பாகாயம் பாகாயம்"னு கூப்புடுறது, எல்லாத்தையும் கலந்து அவளே ஒரு பாட்டு கட்டிடுவா. இந்த வாரத்துப் பாட்டு இது:

"பயே இரும்பூ... ஆயாக்கு இரும்பூ... பூனைக்கு இரும்பூ... பேச்சம்பயம்!"

கடைசி வார்த்தைய மட்டும் கத்துவா. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும்.

நான் ஐ.சி.யூ.ல நர்ஸ். மாசத்துல ஒரு வாரம், சில மாசம் ரெண்டு வாரம் ராத்திரி டூட்டி. ராத்திரி பூரா மானிட்டர் "பீப் பீப்" சத்தம் காதுல அடிச்சிக்கினே இருக்கும். அது நின்னாத்தான் பயப்படணும்ன்ற வேலை. காலைல எட்டரைக்கு வீட்டுக்கு வந்தா படிக்கட்டுலயே அவ குரல் கேட்குது. எங்களுது ரெண்டு ரூம் போர்ஷன், நடுவுல ஒரே சுவரு. அந்தப் பக்கம் போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிற பையன். வீட்டுக்காரம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. அக்னி நட்சத்திரம் வேற, பத்து மணிக்கு மேல வெளிய தூக்கினு போக முடியாது. வீட்டுக்காரர் ஏழரைக்கே ராணிப்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பிடுவார். மாமியாருக்கு முட்டி வலி, சக்கர. அவங்கதான் நாள் பூரா பார்த்துக்கிறாங்க.

போன செவ்வாய்க்கிழமை தூங்கி ஒரு மணி நேரம் கூட ஆகல. காதுகிட்ட வந்து பாடினா. "வாய மூடு!"ன்னு கத்திட்டேன். அவ ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கினு நின்னா. கை இடுக்குல இருந்து அதே ராகம் மெதுவா வந்துக்கினே இருந்துச்சு. அவளால நிறுத்த முடியல. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவே இல்ல.

எனக்கு ரெண்டு கேள்வி. இப்படி ஓயாம பாடுறதும் பேசுறதும் சாதாரணமா? அரை மணி நேரம் அமைதி வேணும்னு ஒரு அம்மா கேட்கலாமா?

2. குடியாத்தம்_இரட்டைப்பிள்ளை_அப்பா, மே 20

கேட்கலாம் சிஸ்டர். எனக்கு ஒரே நேரத்துல ரெண்டு வாய். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா பார்த்துட்டு வந்ததுல இருந்து வீட்டுல தட்டு, டம்ளர், வாளி ஒண்ணு பாக்கி இல்ல. எல்லாம் மேளம்தான். பிள்ளைங்க மேல ஆசை இருக்கறவனுக்கும் காது வலிக்கும். வெயில் தாழ்ந்ததும் மொட்ட மாடிக்கு ஏத்திடுவேன். வானத்துக்குக் கீழ கத்தினா பாதி சத்தம் காத்துல போயிடுது, அவங்களுக்கும் மனசு நெறயுது.

3. சத்துவாச்சாரி_24, மே 20

போன்ல ஏதாவது போட்டுக் குடுங்க அக்கா. எங்க வீட்டுல அப்படித்தான். ரெண்டு மணி நேரம் சத்தமே வராது.

4. தொரப்பாடி_பேச்சுப்பயிற்சி, மே 20

பதினோரு வருஷமாக பேச்சு, செவித்திறன் துறையில் வேலை செய்கிறேன். முதலில் போன் விஷயம். இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரத் திரை, அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஐந்து வயது வரை அதே ஒரு மணி நேரத்தைத்தான் சொல்கிறது, பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதோடு. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். சத்துவாச்சாரி நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன் கொடுத்தால் சத்தம் நிற்பது உண்மை. அந்த நேரத்தில் பிள்ளை பேசுவதும் நிற்கிறது, அதுதான் என் கவலை.

சிஸ்டர், உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது இருந்து, "ஆயா வா", "பால் வேணா" என்று இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டும் என்று பார்ப்போம். மூன்றை நெருங்கும்போது வெளியாள் கேட்டாலும் பெரும்பாலும் புரிய வேண்டும். உங்கள் மகள் "ஆயாக்கு இரும்பு, பூனைக்கு இரும்பு" என்று பாடுகிறாள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பதை மட்டும் மாற்றுகிறாள், "-க்கு" என்ற வேற்றுமை உருபைச் சரியான இடத்தில் போடுகிறாள். பாடம் நடத்தாமலே இலக்கணப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. கேட்ட பாட்டுத் துண்டுகளை ஒட்டிப் புதுப்பாட்டு கட்டுவதும் இந்த வயதுப் பிள்ளைகள் செய்வதுதான்.

தனக்குத்தானே பேசுவதும் அப்படியே. பெரியவர்கள் மனதுக்குள் யோசிப்பதை இவர்கள் வாய்விட்டு யோசிக்கிறார்கள். ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி இதைப் பற்றி 1930-களிலேயே எழுதினார். இந்த வெளிப்பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், பள்ளி வயதில் மௌனமான யோசனையாக மாறும் என்றார். கையால் வாயைப் பொத்தியும் ராகம் வந்துகொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அவள் உங்களை மீறவில்லை. அந்த வயதில் அதை உள்ளே வைக்க இடம் இன்னும் வரவில்லை.

ஆனால் கடைசி வார்த்தையைக் "கத்துவா" என்றும், படிக்கட்டிலேயே அவள் குரல் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சில கேள்விகள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறாளா? பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா? அடிக்கடி சளி பிடிக்கிறதா? வாயைத் திறந்து வைத்துத் தூங்குகிறாளா, குறட்டை உண்டா? சொன்னதையே திரும்பக் கேட்கிறாளா?

5. கொசப்பேட்டை_நர்ஸ், மே 21

சார், படிச்சதும் வயிறு கலங்கிடுச்சு. பொங்கலுக்கு அப்புறம் சளி மூணு தடவ வந்துச்சு. ராத்திரி வாயத் தொறந்துதான் தூங்குறா, குறட்டையும் இருக்கு. டிவி பத்தி மாமியாரக் கேட்டேன், கிட்ட போய் நின்னுதான் பார்ப்பாளாம்.

திரும்பக் கேட்கிறது நிறைய. டூட்டி முடிஞ்சு வந்தா குளிக்காம அவளத் தொடமாட்டேன். குளிக்கிற ரூம் கதவுகிட்ட உக்காந்துக்கினு "எம்மா, இன்னா பண்ற?"ன்னு கேப்பா. குளிக்கிறேன்டின்னு சொல்வேன். மறுபடியும் "எம்மா, இன்னா பண்ற?" பத்து தடவ, பதினைஞ்சு தடவ. என்னச் சீண்டுறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

இன்னொன்னும் கேட்கணும். லைட்ட அணைச்ச அப்புறம் அரை மணி நேரம் தனியா பேசுவா. யாருகிட்டயும் இல்ல, இருட்டப் பார்த்து. "பூனை போச்சு. பூனை எங்க போச்சு? பூனை வூட்டுக்குப் போச்சு. ஆயா வூட்டுக்குப் போச்சு"ன்னு. மாமியார் பயந்துட்டு திருஷ்டி சுத்திப் போட்டாங்க.

6. தொரப்பாடி_பேச்சுப்பயிற்சி, மே 21

இருட்டுப் பேச்சில் பயம் எதுவும் இல்லை என்று ஆயாவிடம் சொல்லுங்கள். ரூத் வியர் என்ற மொழியியலாளர் தன் இரண்டரை வயது மகன் தூங்குவதற்கு முன் தனியாகப் பேசியதை டேப்பில் பதிவு செய்து ஆராய்ந்தார். 1962-இல் அது அச்சில் வந்தது. அந்தப் பையனும் ஒரு வாக்கியத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். "பூனை போச்சு, எங்க போச்சு, வூட்டுக்குப் போச்சு" என்பதும் அதே வேலைதான். பகலில் சேர்த்ததை ராத்திரி அடுக்கி வைக்கிறாள்.

கதவுக்குப் பின்னால் இருந்து நீங்கள் சொன்ன பதில் அவளுக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். சளி, குறட்டை, டிவிக்குக் கிட்டே போவது, சத்தமான குரல் எல்லாம் சேரும்போது காதைப் பார்த்துவிட வேண்டும். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்குவது இந்த வயதில் ரொம்பச் சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால் வீட்டில் தெரியாது. தண்ணீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டு கேட்பது போலக் கேட்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கூடவே செவித்திறன் பரிசோதனையும் செய்யுங்கள். செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி என்ற சோதனை சில நொடிதான், ஊசி கிடையாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். பூண்டு எண்ணெய், தாய்ப்பால், பட்ஸ் எதுவும் வேண்டாம்.

7. ராணிப்பேட்டை_சிப்காட்_அம்மா, மே 21

ரெண்டு நாளா இந்த இழையப் படிக்கிறேன், எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

என் பையன் நாலு வயசு வரைக்கும் ஒரு வார்த்த பேசல. அம்மான்னு கூட. தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சி குடத்துகிட்ட இழுத்துக்கினு போவான். ஊர்ல கல்யாணம் காதுகுத்துக்குப் போனா மத்த பிள்ளைங்க பேசுறதப் பார்த்துட்டு வந்து அழுவேன். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு ரெண்டு வருஷம் எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். அந்த ரெண்டு வருஷத்த யாராலயும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

கடைசியில அங்கன்வாடிக்கு செக்கப்புக்கு வந்த டீம்தான் எழுதிக் குடுத்து அனுப்புனாங்க. இப்ப ஆறு வயசு. பயிற்சிக்குப் போறான், சின்னச் சின்ன வாக்கியமா பேசுறான். அவன் மொத மொதல்ல "மா"ன்னு கூப்பிட்டது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், நான் கறி கழுவிக்கினு இருந்தேன்.

அதனால "வாய மூடு"ன்னு படிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சு அக்கா. மறைக்க விரும்பல. ஆனா கை இடுக்குல பாட்டு வந்துச்சுன்னு படிச்சதும் உங்க மேல இருந்த கோவம் போயிடுச்சு.

8. கொசப்பேட்டை_நர்ஸ், மே 21

கோவம் நியாயம் தங்கச்சி. உன் பையன் "மா"ன்னு சொன்னத மூணு தடவ படிச்சேன்.

9. தொரப்பாடி_பேச்சுப்பயிற்சி, மே 21

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ராணிப்பேட்டை சகோதரி சொன்னது 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை. அங்கன்வாடிப் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு முறையும், பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. காது கேளாமை, பேச்சுத் தாமதம் இரண்டும் பட்டியலில் உண்டு. மேல் பரிசோதனைக்கு அனுப்ப மாவட்ட அளவில் தனி மையம் இருக்கிறது, செலவு இல்லை. அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டாலே அடுத்து எப்போது டீம் வரும் என்று சொல்வார். இரண்டு வயதில் இரண்டு சொல் சேராத பிள்ளையை "லேட்டாகப் பேசுவான்" என்று விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் பார்ப்பதில் நஷ்டமே கிடையாது.

10. ஆற்காடு_தமிழாசிரியர், மே 22

பிள்ளைத்தமிழ் வகுப்பெடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பத்துப் பருவத்தில் சப்பாணி என்று ஒன்று, பிள்ளை கை தட்டுவதற்கு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை என்று ஒன்று, பிள்ளை சின்னப் பறையைக் கொட்டுவதற்கு. முருகனையும் அரசரையும் குழந்தையாக்கிப் பாடிய புலவர்கள், அந்தக் குழந்தை சத்தம் போடுவதற்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கி, "கொட்டுக" என்று வேண்டிக் கேட்டார்கள். சத்தம் போடும் வயதை அவர்கள் வளர்ச்சியின் ஒரு படியாக எண்ணியிருக்கிறார்கள்.

அதே வரிசையில் தாலப் பருவமும் உண்டு. தால் என்றால் நாக்கு. தாலேலோ என்று நாவசைத்துப் பிள்ளையை உறங்கவைக்கும் பருவம் அது. பிள்ளையின் பறைக்கும் இடம் உண்டு, தூக்கத்துக்கும் இடம் உண்டு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் இப்படித்தான் பதில் வைத்திருக்கிறேன் அம்மா. தூக்கம் கேட்பதில் பிழையே இல்லை.

11. ஆம்பூர்_பாஜி, மே 22

எங்க வீட்டுல உருது, தெருவுல தமிழ். என் மகளுக்கு மூணு வயசு. "பானி குடும்மா", "பிஸ்தர் போடு"ன்னு ரெண்டையும் கலந்துதான் பேசுவா. தூங்கப் போகும்போது மட்டும் உருதுலயே பாடுவா, எதிர்வீட்டுப் பிள்ளைங்களோட சண்டைன்னா சுத்தத் தமிழ். சொந்தக்காரங்க ஒரு மொழியில நிறுத்துங்கன்னு சொல்றாங்க. கொழம்பிடுவாளா சார்?

12. தொரப்பாடி_பேச்சுப்பயிற்சி, மே 22

குழம்ப மாட்டாள். தூக்கத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறாளே, அதுவே தெளிவு. கலந்து பேசுவது இரண்டு மொழி வீட்டுப் பிள்ளையின் இயல்பு. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ண வேண்டும். வீட்டு மொழியை நிறுத்தவே வேண்டாம் பாஜி.

13. காட்பாடி_ரயில்வே_காலனி, மே 22

எங்க வீட்டுச் சின்னவன் தூக்கத்துலயே "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" சொல்லுவான். வண்டி நம்பர் தப்பா இருந்தாலும் ராகம் அப்படியே ஸ்டேஷன்ல வர்றது. மூணு மொழியிலயும் சொல்லுவான், இந்தி ஒரு வார்த்த தெரியாது. எங்க அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணா மொதல்ல அவன் அறிவிப்பத்தான் கேட்பாங்க.

14. காங்கேயநல்லூர்_பெரியவர், மே 23

எனக்கு வயது எழுபத்து நான்கு. கிருபானந்த வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர் இது. சிறு வயதில் அவர் சொற்பொழிவுக்கு எங்களை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். கதை நடுவிலே சட்டென்று நிறுத்தி எங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். நாங்கள் உளறினாலும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் மேலே போவார். ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். ஒரு சின்னப்பயல் பதில் சொல்லி முடிக்கும்வரை அவர் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை.

தாயி, நீ நாள் முழுதும் கேட்க வேண்டியதில்லை, யாராலும் முடியாது. நீ வந்து குளித்து முடித்ததும் கால் மணி நேரம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார். போன் வேண்டாம், கையில் வேலை வேண்டாம். ராத்திரி பூராவும் நீ இல்லாதபோது சேர்த்து வைத்ததை அவள் கொட்டட்டும். கொட்டி முடித்த பிள்ளை தானாக விளையாடப் போகும். என் பேத்தியை இப்படித்தான் பார்த்துக்கொண்டேன், அவள் அம்மாவும் ராத்திரி வேலைக்குப் போகிறவள்தான்.

உன் மாமியாரையும் நினைத்துக்கொள். முட்டி வலியோடு நாள் பூராவும் அந்தக் காதுகளும் கேட்கின்றன. அவருக்கும் ஓய்வு வேண்டும்.

15. வேலப்பாடி_அம்மு, மே 23

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. குழந்தைகிட்ட "அமைதியா இரு"ன்ற வார்த்தையே சொல்லக்கூடாது. பொம்பளப் பிள்ளைய சின்ன வயசுலயே அடக்கிப் பழக்குறோம், அப்புறம் காலேஜ்ல எழுந்து கேள்வி கேட்கப் பயப்படுது. எங்க வீட்டுல என்னை அப்படித்தான் வளர்த்தாங்க. "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்"னு கேட்டுக் கேட்டு இன்னைக்கும் மீட்டிங்ல என் குரல் எழும்பாது.

16. குடியாத்தம்_இரட்டைப்பிள்ளை_அப்பா, மே 23

நீங்க பட்டது எனக்குப் புரியுது அம்மு. பொம்பளப் பிள்ளைன்றதால அடக்குறது பாவம்தான். ஆனா அம்மா தூங்குறான்னு தெரிஞ்சு குரலத் தாழ்த்துறதும் ஒரு பிள்ளை கத்துக்க வேண்டியதுதானே? என் பசங்ககிட்ட "சும்மா இரு"ன்னு சொன்னா நடக்கவே நடக்காது. "பூனை எப்படிப் பாடும்? அது மாதிரி பாடு"ன்னா பாடுவாங்க. நிறுத்தச் சொல்றதுக்கும் தாழ்த்தச் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டு மூணு நிமிஷம்தான் தாங்கும், அப்புறம் பழைய குரல் வந்துடும். மறுபடியும் பூனையக் கூப்பிடுவேன்.

17. தொரப்பாடி_பேச்சுப்பயிற்சி, மே 23

பூனைக் குரல் நல்ல வழி. ரகசியக் குரல் இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வராது, வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் சிஸ்டர் வீட்டில் காதைப் பார்த்த பிறகு இதை முயற்சி செய்யலாம். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காத பிள்ளையிடம் தாழ்த்தச் சொல்வது அவளுக்குப் புரியாத கட்டளையாகப் போய்விடும்.

18. கொசப்பேட்டை_நர்ஸ், ஜூன் 7

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். காது பார்த்தாச்சு.

ரெண்டு காதுலயும் நீர் கோத்திருக்கு. மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினாய்டு சதை கொஞ்சம் வீங்கியிருக்கு, குறட்டைக்கு அதுதான் காரணமாம். செவித்திறன் கொஞ்சம் கம்மி. மெதுவாப் பேசுறது, தூரத்துல இருந்து பேசுறது, கதவுக்குப் பின்னால இருந்து பேசுறது அவளுக்குத் தெளிவா போய்ச் சேரல. மருந்தால சட்டுன்னு போறது இல்ல, நிறையப் பிள்ளைங்களுக்குத் தானா வத்திடும், மூணு மாசம் கழிச்சு திரும்ப வாங்கன்னாங்க. அப்பவும் இருந்தா, காதுல சின்னக் குழாய் வைக்கிறத யோசிக்கலாமாம்.

டிம்பனோமெட்ரிக்கு அசையாம, பேசாம இருக்கணும்னாங்க. எனக்கு மனசு அடிச்சிக்கிச்சு, இவளா பேசாம இருப்பான்னு. காதுல அந்த ரப்பர் முனைய வச்சதும் அவ கண்ண விரிச்சிக்கினு அப்படியே நின்னா. ஏதோ புதுச் சத்தம் கேட்குதுன்னு உன்னிப்பா கேட்டா. அவ்ளோ அமைதியா அவள நான் பார்த்ததே இல்ல. எடுத்த உடனே அந்த மெஷின் "ஊஊம்"னதைப் பாடிட்டா.

நான் ஒரு நர்ஸ். அடுத்தவங்க உடம்புல சின்ன மாத்தம் வந்தாலும் கண்டுபுடிக்கிறது என் வேலை. என் பொண்ணு பத்து தடவ "எம்மா, இன்னா பண்ற?"ன்னு கேட்டப்ப, அவளுக்கு என் பதில் கேட்கலன்னு எனக்குத் தோணவே இல்ல. ராத்திரி முழிச்சிருக்கிற களைப்புல அவ குரல் மட்டும்தான் எனக்குப் பெருசா கேட்டுச்சு.

காங்கேயநல்லூர் தாத்தா சொன்ன கால் மணி நேரத்த மறுநாளே ஆரம்பிச்சேன். மொத நாலு நாள் முழுசா கொட்டினா, முக்கால் மணி நேரம் ஆச்சு. அஞ்சாவது நாள் இருபது நிமிஷத்துல எழுந்து பொம்மைக்கு சோறு ஆக்கப் போயிட்டா. நான் எதிர்ல உக்காந்து, மூஞ்சப் பார்த்து, ஃபேன நிறுத்திட்டுப் பேசினா ஒரு தடவ சொன்னதே போதுமா இருக்கு.

பக்கத்துப் போர்ஷன் தம்பிகிட்டயும் போய்ச் சொன்னேன். காதுல இப்படி இருக்கு, அதான் சத்தம்னு. "பரவால்ல அக்கா, அவ பாட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு"ன்னான். அப்புறம் மத்தியானத்துல லைப்ரரிக்குப் போய்ப் படிக்க ஆரம்பிச்சிட்டான். வீட்டுக்காரம்மா அதுக்கப்புறம் ஒண்ணும் கேட்கல.

19. தொரப்பாடி_பேச்சுப்பயிற்சி, ஜூன் 7

உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இதை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம், அதிலும் இவ்வளவு பேசும் பிள்ளையிடம். காதில் குறை என்றால் பிள்ளை பேசாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். லேசான குறை, அதுவும் பேச்சு வந்த பிறகு வந்து போகிற குறை, இப்படி மாறு வேஷத்தில் வரும்.

இந்த மூன்று மாதம் கவனிக்க வேண்டியவை: பேசும்போது கிட்டே போய், முகம் பார்த்துப் பேசுங்கள். டிவி, மிக்ஸி ஓடும்போது முக்கியமானதைச் சொல்லாதீர்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அவள் பக்கத்தில் கண்டிப்பாக வேண்டாம், புகை இந்த நீரை வற்ற விடாது. படுத்துக்கொண்டே பால் புட்டி குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். காது வலி, சீழ், காய்ச்சல் வந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று. பேசும்போது திக்கினால், "நா... நா... நான்" என்று இழுத்தால் பயப்பட வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் நிறையப் பிள்ளைகளுக்கு வரும், பெரும்பாலும் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, சொல் வராமல் முகத்தைச் சுளித்தாலோ காட்டலாம்.

20. ராணிப்பேட்டை_சிப்காட்_அம்மா, ஜூன் 8

அக்கா, நீங்க சீக்கிரமே பார்த்துட்டீங்க. எனக்கு அதுவே சந்தோஷம். என் பையன் நேத்து பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வந்து "மா, மழ!"ன்னான். ரெண்டு சொட்டுதான் விழுந்துச்சு. தெருவே கேட்கிற மாதிரி சொன்னான், நான் தாழ்த்தச் சொல்லல.

21. வேலப்பாடி_அம்மு, ஜூன் 8

நான் எழுதுனதுல கொஞ்சம் மாத்திக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்டது "நீ பேசாத". இங்க நடந்தது வேற. சிஸ்டர், அந்தக் கால் மணி நேரத்த அவ பெரிய பொண்ணான அப்புறமும் விட்டுடாதீங்க. எனக்கு எட்டு வயசுல அது கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

22. கொசப்பேட்டை_நர்ஸ், செப்டம்பர் 12

மூணு மாச செக்கப் முடிஞ்சிடுச்சு. வலது காது சுத்தமா சரியாயிடுச்சு. இடதுல லேசா இருக்கு, அதுவும் வத்திக்கினு வருதாம், குழாய் இப்ப வேணாம், டிசம்பர்ல திரும்பப் பார்க்கலாம்னாங்க. குறட்டையும் பாதியா குறைஞ்சிருக்கு. மூணு வயசு ஆயிடுச்சு, அங்கன்வாடிக்குப் போறா. அங்க டீச்சர் சொல்றாங்க, பாட்டு நேரத்துல மொத குரல் இவளோடதுதானாம்.

பாட்டு குறையல. ஆடி மாசம் கூழ் ஊத்துனப்ப கேட்ட உடுக்கை இன்னும் ஓடிக்கினு இருக்கு. "டுமுக்கு டுமுக்கு"ன்னு ஆயா முட்டி மேல தட்டுறா. மாமியார் சாயந்தரம் ஒரு மணி நேரம் கோயிலுக்குப் போயிட்டு வராங்க. அந்த நேரம் வீட்டுக்காரர் பார்த்துக்கிறார், மொட்ட மாடியில ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாடுறாங்க. இத்தன நாள் அவருக்குப் பாட வரும்னு எனக்கே தெரியாது.

ராத்திரி டூட்டி வாரமும் நடந்துக்கினுதான் இருக்கு. நேத்து காலைல வந்து, குளிச்சு, அவ எதிர்ல உக்காந்து கேட்டுட்டு, படுத்தேன். பக்கத்துலயே பொம்மையத் தூங்க வச்சிக்கினு இருந்தா. அரைத் தூக்கத்துல ஏதோ ராகம் வந்துச்சு. கனவுன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து பார்த்தா அவதான் பாடுறா. ரொம்ப மெதுவா, பொம்மை காதுக்கு மட்டும் கேட்குற மாதிரி. யாரும் அவள தாழ்த்தச் சொல்லல. என்ன பாட்டுன்னு எனக்குக் கேட்கல. எழுந்து அவ கிட்ட போய்க் காத வச்சிக் கேட்டேன்.

"பூனைக்கு இரும்பூ" தான்.